எல்லாரும் வந்தியத்தேவன்னா குதிரைக்குப் புல்லு யாரு அறுக்கிறது?

வாங்க மாப்புள. வாத்தியார் தம்பி, நீங்களும் வாங்க. பாப்பா, நீ இப்படித் தூணோரமா ஒக்காரு. போன வெள்ளிக்கிழம நீங்க மூணு பேரும் இந்த நூலகத்துப் பூட்டப் பாத்துக்கிட்டு நின்னத நான் டீக்கடையிலேர்ந்து பாத்தேன். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழம லீவுங்கிறது நம்ம ஊருல ஆடு மேய்க்கிற பயலுக்கும் தெரியும். ஞாயித்துக்கிழம தவறாம இந்தத் திண்ணையில ஒக்காந்து 'வாசிப்பும் ஆளுமையும்'னு பொழுதெல்லாம் பேசுறவங்களுக்கு மட்டும் தெரியல. அது குத்தமில்ல. பெரிய வாசகர்களுக்குக் கதவு எப்பத் தொறக்கும், எப்பச் சாத்தும்ங்கிற சின்ன விசயமெல்லாம் எதுக்கு?

ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு தனியா ஒரு வரி போட்டிருப்பான். 1948-லயே சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்துருச்சு. சொதந்திர இந்தியாவுல அதுதான் மொதல்ல வந்தது. அந்தச் சட்டப்படி வசூலாவுற காசுலதான் உள்ள ஃபேன் ஓடுது, நாற்காலி கெடக்கு, பொஸ்தகம் அடுக்கியிருக்கு. காசு கட்டுனது நீங்க, காத்து வாங்குறது உள்ள தூங்குற பெருசுங்க. நீங்க திண்ணையில வேர்த்து ஊத்திக்கிட்டு இலக்கியம் பேசுறீங்க. இதத்தான் தியாகம்ங்கிறது.

மாப்புள, போன வாரம் நீ ஒண்ணு சொன்ன பாரு. 'ஒருத்தன் படிக்கிற பொஸ்தகத்தச் சொல்லு, அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு நான் சொல்றேன்'னு. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. அப்பறம் எதுக்கு மாப்புள பேங்குல லோன் கேட்டு வர்றவங்கிட்ட சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டா, ரெண்டு ஜாமீன் கூட்டியான்னு அலைய விடுற? 'என்ன படிக்கிற'ன்னு கேளு. புதுமைப்பித்தன்னு சொன்னான்னா வட்டியக் கொறச்சுக் குடு. ராஜேஷ்குமாருன்னு சொன்னான்னா ரெண்டு ஜாமீனா நாலாக் கேளு. ஒங்க மேனேஜரு என்ன சொல்றாருன்னு பாப்போம்.

அதுக்கு முந்தின வாரம் இன்னும் நல்லாருந்துச்சு. பொன்னியின் செல்வன்ல யாரு யாரு என்னென்ன ஆளுன்னு பேச்சு வந்துச்சுல்ல? கல்கி அத 1950-ல தொடரா எழுத ஆரம்பிச்சாரு. அன்னேலேர்ந்து இன்னக்கி வரைக்கும் இந்தக் காவேரிக்கரையில எத்தன ஆம்பளப் புள்ள பொறந்தானோ அத்தன பேரும் வந்தியத்தேவன்தான். சினிமா வந்தப்பறம் கேக்கவே வேணாம். மாப்புள வந்தியத்தேவன், வாத்தியார் தம்பி வந்தியத்தேவன், டீ கிளாஸ் கழுவுற பையனும் வந்தியத்தேவன். பாப்பா குந்தவை, அவ சேத்தாளி நந்தினி. எல்லாரும் வந்தியத்தேவன்னா குதிரைக்குப் புல்லு யாருய்யா அறுக்கிறது? ஒருத்தனாவது 'நான் சேந்தன் அமுதன் மாதிரி'ன்னு சொன்னானா? பூக்கட்டிக் குடுத்துக்கிட்டுத் தேவாரம் பாடிக்கிட்டு இருந்த அந்தப் பையன்தான் கடைசியில சிம்மாசனத்துல ஒக்காந்தான். அட, அஞ்சாம் பாகம் வரைக்கும் போகாதவங்க இருந்தா காதப் பொத்திக்கங்க. மாப்புள, நீ ஏன் பொத்துற?

என்னயக் கேட்டா, எனக்கு யாரும் பட்டம் குடுக்க வேண்டியதில்ல. வீட்டுல ஒங்க ஆத்தா எப்பவோ குடுத்துட்டா, நான் பெரிய பழுவேட்டரையராம். அவருக்கு ஒடம்புல அறுபத்து நாலு விழுப்புண்ணு. எனக்கு இருக்குறது சக்கரை வியாதியில வந்த ஒரே ஒரு புண்ணு, அதுவும் கால் கட்டவிரல்ல. ஆனா மொறைக்கிறது மட்டும் அவரு மாதிரியே இருக்காம்.

பாப்பா, ஒன் விசயத்துக்கு வர்றேன். நீ போன்ல என்னமோ ஆளுமைப் பரீட்சைன்னு கேள்வி பதில் எழுதி, நாலு எழுத்து வாங்கிட்டு வந்து, 'நான் இன்ட்ரோவெர்ட்டு தாத்தா, எனக்குத் தனிமைதான் புடிக்கும், அதனாலதான் படிக்கிறேன்'னு சொன்ன. அத நீ சொன்ன சத்தத்துல எதுத்த வீட்டுக் கன்னுக்குட்டி எந்திரிச்சு நின்னுருச்சு. அந்தப் பரீட்சைய யாரு உண்டாக்குனாங்கன்னு தெரியுமா? அமெரிக்காவுல ஒரு அம்மா, ஒரு மக. அம்மா பேரு கேத்தரின் பிரிக்ஸ், மக இசபெல் மையர்ஸ். ரெண்டு பேரும் மனநூலப் பள்ளிக்கூடத்துல ஒக்காந்து படிச்சவங்க இல்ல. அம்மாக்காரி யுங்னு ஒரு டாக்டரோட பொஸ்தகத்தப் படிச்சு அதுலயே கெடந்தவ. மக அந்தப் பரீட்சைக்கு முன்னாடி எழுதுனது என்ன தெரியுமா? துப்பறியும் நாவலு! கொலைக் கதை எழுதிப் போட்டியில பரிசு வாங்குன அம்மா அது. நம்ம ராஜேஷ்குமாருக்கு அக்கா மொற. இனிமே ஒன் நாலு எழுத்தச் சொல்லிட்டு, 'நான் க்ரைம் நாவல் எல்லாம் தொடுறதில்ல'ன்னு மூக்கச் சுழிக்காத. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறியா? ஐப்பசி அடமழையில வயக்காட்டுல என்னடி வேல? உள்ள போய் ஒக்காந்து பழைய வாரப் பத்திரிகையெல்லாம் பொரட்டுனேன்.

சரி, ஒங்களுக்கு ஆளுமை வேணும், அதுவும் நாலு பேரு பாக்குற மாதிரி வேணும். அதுக்கு வழி சொல்றேன், குறிச்சுக்கங்க. சனவரியில மெட்ராஸ் பொஸ்தகக் கண்காட்சிக்குப் போங்க. அங்க பத்து சதவீதம் கழிவு குடுப்பான். கழிச்ச காசுக்கு டெல்லி அப்பளம் வாங்கித் தின்னுட்டு, வாங்குன பொஸ்தகத்த அட்டை தெரியிற மாதிரி பையில வையுங்க. கனமானது வெளியில, மெலிசானது உள்ள. யாராச்சும் 'இதப் படிச்சாச்சா'ன்னு கேட்டா, படிச்சேன்னும் சொல்லாத, படிக்கலன்னும் சொல்லாத. 'மறுவாசிப்புல இருக்கேன்'னு சொல்லு. அடடா, என்ன ஒரு சொல்லு! மொத வாசிப்பு இல்லாமலே மறுவாசிப்பு பண்ற வித்தை நம்ம வாத்தியார் தம்பிக்குத்தான் கைவந்திருக்கு.

கோவிச்சுக்காதீங்க தம்பி. நம்ம மன்னார்குடியில வாத்தியார் வேல பாத்த கரிச்சான்குஞ்சு, 'பசித்த மானிடம்'னு ஒரு நாவல் எழுதுனாரே, அதப் பத்தி நீங்க ஒரு மணி நேரம் பேசுனீங்க. நல்லாவும் பேசுனீங்க. எனக்கே கண்ணு கலங்குச்சு. அப்பறம் உள்ள போயி அந்தப் பொஸ்தகத்தோட கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்குற தேதிச் சீட்டப் பாத்தேன். கடைசியா குத்துன முத்திரை பாப்பாவுக்குக் காது குத்துறதுக்கு முன்னாடி உள்ளது. நீங்க சொந்தமா வாங்கி வச்சிருப்பீங்க. ஆமாம், அப்படித்தான் இருக்கும்.

ஆனா இதெல்லாம் நீங்க புதுசாக் கண்டுபுடிச்ச நோயி இல்ல. பட்டியல் ஒப்பிக்கிறது நம்ம சீமையில பழைய வழக்கம். கேளுங்க. 1880-ல கும்பகோணத்துக்குச் சேலம் இராமசாமி முதலியாருன்னு ஒரு முன்சீபு வேலைக்கு வந்தாரு. அங்க காலேசுல அப்பத்தான் தமிழ் வாத்தியாரா சேந்திருந்தாரு நம்ம சாமிநாதையரு. வயசு இருபத்தஞ்சு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட ஒக்காந்து பாடம் கேட்டவரு, திருவாவடுதுறை மடத்துல பேரு வாங்குனவரு. முதலியாரு அவர்கிட்ட என்ன படிச்சிருக்கீங்கன்னு விசாரிச்சாரு. இவரு அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழு, உலான்னு அடுக்குனாரு. முதலியாரு மொகத்துல ஒரு அசைவும் இல்ல. இவரு விட்டாரா? புராணத்துக்குப் போனாரு, கம்பராமாயணத்துக்குப் போனாரு. அப்பவும் அவரு அசையல. இதையெல்லாம் படிச்சதுல என்ன பிரயோசனம்ங்கிற மாதிரி கேட்டுட்டு, இதுக்கு முந்தின நூலெல்லாம் படிச்சதுண்டா, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம்னு கேட்டாரு. ஐயரு அதையெல்லாம் படிச்சதில்ல.

இந்த எடத்துல நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. நம்ம திண்ணையில இது நடந்தா என்ன ஆவும்? மொத வேலையா முதலியாரோட ஆளுமை கிழிஞ்சு தொங்கும். 'அந்தாளு ஒரு மேட்டிமைக்காரன், அடுத்தவன் வாசிப்ப மதிக்கத் தெரியாதவன்'னு போன்ல பத்து வரி எழுதிட்டுத்தான் மாப்புள சோறு திம்பான். ஐயரு என்ன செஞ்சாரு? மனசு குத்தாமயா இருந்திருக்கும்? ஆனாலும் திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்கே போனாரு. முதலியாரு சிந்தாமணியோட கையெழுத்துப் பிரதியக் குடுத்துப் பாடம் சொல்லச் சொன்னாரு. பிரிச்சுப் பாத்தா அது சமணக் காவியம். சைவ மடத்துல படிச்சவருக்கு அதுல பாதி பிடிபடல. பிடிபடலன்னு மூடி வைக்காம, கும்பகோணத்துலயே இருந்த சமணர் வீடுகளத் தேடிப் போயி, திண்ணையில ஒக்காந்து, 'இதுக்கு என்ன அர்த்தம், ஒங்க சமயத்துல இத எப்படிச் சொல்லுவீங்க'ன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாரு. ஊருல பேரெடுத்த பண்டிதரு! 1887-ல சிந்தாமணி அச்சாகி வந்துச்சு. அதுக்கப்பறம் ஏடு தேடி அவரு அலஞ்சதெல்லாம் ஊரறிஞ்ச கத.

நான் கேக்குறது இவ்வளவுதான். அவரு ஆளுமை எதுல தெரியுது? ஒப்பிச்ச பட்டியல்லயா, இல்ல 'தெரியாது'ன்னு சொல்லிட்டு அடுத்தவன் வாசப்படியில போய் ஒக்காந்தாரே, அதுலயா? பட்டியலப் பாத்து எட போடுற மாப்புள கணக்குக்கு அன்னக்கி ஐயருக்கு லோனே கெடச்சிருக்காது.

பாப்பா என்னமோ சொல்ல வாயெடுக்குது. 'நல்ல பொஸ்தகம் படிச்சா மனசு எளகும், மனுசன் நல்லவனாவான்'னுதான? நீ சொன்னா நான் மறுக்கமாட்டேன். நான் சின்னப் பையனா இருந்தப்ப இங்க ஒரு பெரிய மிராசுதாரு இருந்தாரு. பேரு வேணாம், அவரு பேரன் இப்ப நம்ம தெருவுலதான் இருக்கான். ராத்திரியில அவரு வீட்டுத் திண்ணையில பெரிய எழுத்துப் பொஸ்தகம் படிப்பாங்க. தெரியுமா அது? அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கத, நல்லதங்காள் கத. எழுத்து பெருசு பெருசா, அரிக்கேன் வெளிச்சத்துலயும் தெரியிற மாதிரி அச்சடிச்சிருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச ஒருத்தரு ராகம் போட்டுப் படிக்க, சுத்தி எல்லாரும் கேப்பாங்க. நல்லதங்காள் பஞ்சம் பொழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணிக்காரி சோறு போடாம வெரட்ட, ஏழு புள்ளையையும் கெணத்துல தள்ளுற எடம் வந்துச்சுன்னா, மிராசுதாரு துண்டு நனஞ்சு போகும். அப்படி ஒரு அழுக. மறுநாள் காலையில அவரு கூடப் பொறந்த தங்கச்சி, தாலியறுத்தவ, மரக்கால எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறா. 'களத்து நெல்லு இன்னும் காயல, அடுத்த வாரம் வா'ன்னு சொல்லி அனுப்புனாரு. நெல்லு பத்தாயத்துல இருந்தது எங்க எல்லாருக்கும் தெரியும். அன்னக்கி ராத்திரியும் நல்லதங்காள் கததான். அன்னக்கியும் அழுதாரு, கொஞ்சம் கூடவே அழுதாரு.

பொஸ்தகத்தக் கொற சொல்லல பாப்பா. பொஸ்தகம் அதும்பாட்டுக்கு அது வேலையச் செஞ்சுச்சு.

ஆளுமைன்னு நீங்க ஆரம்பிச்சதும் எனக்குச் சீர்காழி அரங்கநாதன் ஞாபகந்தான் வந்துச்சு. 1892-ல பொறந்தவரு. கணக்கு வாத்தியாரு. 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில நூலகரா ஆனாரு. ஆன கொஞ்ச நாள்லயே, 'ஒருத்தரும் வர்றதில்ல, பேச ஆளில்ல, நான் பழையபடி கணக்குக்கே போறேன்'னு சலிச்சுக்கிட்டாரு. ஒங்களுக்குப் பொஸ்தகம்னா சொர்க்கம். நூலகத்துக்கே தகப்பனாரா ஆவப்போறவருக்கு மொதல்ல அது வெறும் கொட்டாவி. லண்டனுக்கு அனுப்பி வச்சாங்க. அங்க ஒரு கடையில புள்ளைங்க வெளையாடுற மெக்கானோ சாமானப் பாத்தாரு. அதே துண்டுங்கள மாத்தி மாத்திக் கோத்தா வேற வேற பொம்மை. அதுலேர்ந்து பொஸ்தகத்தப் பிரிச்சு அடுக்குற மொறைக்கு வழி கண்டுபுடிச்சாரு. 1933-ல கோலன் பகுப்புன்னு அச்சுல வந்துச்சு.

அப்பறம் அந்த மொறைய இன்னும் செதுக்கி, எந்தப் பொருளையும் அஞ்சு கூறாப் பிரிக்கலாம்னாரு. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம். பாத்தீங்களா, ஆளுமைய மொத எடத்துல வச்சாரு! ஆனா படிக்கிறவனுக்கு இல்ல, பொஸ்தகம் பேசுற விசயத்துக்கு. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. காலம் எது, இடம் எதுன்னு சுளுவாச் சொல்லிடலாம், இந்த ஆளுமை மட்டும் கையில சிக்காது, அதனால மத்த நாலையும் கழிச்சுட்டு மிஞ்சி நிக்கிறத ஆளுமைன்னு வச்சுக்கங்கன்னாரு. கணக்கு வாத்தியாரு புத்தி! இத ஒங்களுக்குப் போட்டுப் பாத்தேன். மாப்புளகிட்டேர்ந்து சனவரி மாசத்தக் கழிச்சேன், கண்காட்சி மைதானத்தக் கழிச்சேன், போன்ல போட்ட போட்டோவக் கழிச்சேன், பையக் கழிச்சேன். மிச்சம் என்ன வந்துச்சுன்னு கேக்காத மாப்புள, நம்ம சொந்தம் விட்டுப்போயிடும்.

பையின்னதும் ஞாபகம் வருது. 1931-ல நம்ம மன்னார்குடி மேலவாசல்ல கனகசபைப் பிள்ளைங்கிறவரு மாட்டு வண்டியில பொஸ்தகத்த ஏத்தி ஊரூருக்குக் கொண்டுபோனாரு. நாட்டுலயே மொத நடமாடும் நூலகம்னு அதச் சொல்றாங்க. பொஸ்தகம் சொமந்தா ஆளுமை வளரும்னா, இந்தத் தாலுகாவுல அந்த ரெண்டு காளைய அடிச்சுக்க ஆளில்ல.

என் கணக்கு வேற. ஒருத்தன் என்ன பொஸ்தகம் படிச்சான்னு நான் கேக்கமாட்டேன். அவன் திருப்பிக் குடுத்த பொஸ்தகத்தக் காட்டுன்னுதான் கேப்பேன். உள்ள போயி எந்தப் பொஸ்தகத்த வேணும்னாலும் எடுங்க, இந்த ஊரு மொத்தமும் அதுல இருக்கும். துப்பறியும் நாவல்ல பத்தாம் பக்கத்துலயே ஒரு மகராசன், 'கொலைகாரன் டிரைவர்' அப்படின்னு பேனாவால எழுதி வச்சிருப்பான். அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியும், கல்யாண வீட்டுலயும் பந்தி முடியிறதுக்குள்ள அடுத்த ஐட்டம் என்னன்னு சொல்லிடுற ஆளு. இன்னொருத்தன் '45-ஆம் பக்கம் பார்க்க'ன்னு எழுதியிருப்பான். போனா '112-ஆம் பக்கம் பார்க்க'. அங்க போனா 'முட்டாள்'. நான் மூணு பக்கமும் போனேன், அதுவும் தெரிஞ்சே போனேன். சமையல் குறிப்புல ஒரு பக்கத்த பிளேடு போட்டு வழிச்சு எடுத்தவங்க வீட்டுல ஒரு நாளு வத்தக்குழம்பு சாப்புட்டேன், பக்கம் எங்க போச்சுன்னு வெளங்கிடுச்சு.

இதவிட ரகசியமான சங்கதி ஒண்ணு இருக்கு. வயசானதுங்களுக்கு எதப் படிச்சோம், எதப் படிக்கலன்னு மறந்துபோகும். அதனால படிச்சு முடிச்சதும் யாருக்கும் தெரியாம ஒரு அடையாளம் போட்டு வைக்கும். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரு 21-ஆம் பக்கத்துல பென்சிலால ஒரு புள்ளி வைப்பாரு, முத்திரைக்காரரு இல்லையா, எடம் துளி மாறாது. மேலத்தெரு டீச்சரம்மா கடைசிப் பக்கத்துல மார்க்கே போட்டுடுவாங்க, நூத்துக்கு முப்பத்தஞ்சுக்கு மேல எந்த எழுத்தாளனும் வாங்குனதில்ல. இன்னொருத்தரு 33-ஆம் பக்கத்து மூலையில சின்னதா நெல்லுக் கதிரு வரஞ்சு வைக்கிறாரு. அவரு யாருன்னு மட்டும் இன்னக்கி வரைக்கும் தெரியல.

எங்க அம்மா கல்கி தொடர வாராவாரம் பிரிச்சு எடுத்து, சேத்துத் தச்சு, பைண்டிங் பண்ணி வச்சிருந்தாங்க. கதைக்கு நடுவுல தலவலித் தைல வெளம்பரம், சிரிப்புத் துணுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். மூணாம் பாகத்துல பாதிப் பக்கம் எண்ணெய்க் கறை. அப்பளம் பொரிச்சுக்கிட்டே படிச்சது. அவங்களுக்கு யாரு புடிக்கும்னு நான் கேட்டதுமில்ல, அவங்க சொன்னதுமில்ல. ஆனா ஊமைப் பொண்ணு மந்தாகினி வர்ற பக்கமெல்லாம் வெரல் பட்டுப் பட்டுக் கறுத்துக் கெடக்கும். நாளு பூரா வாயத் தொறக்காம எங்களுக்கெல்லாம் வடிச்சுக் கொட்டுன மனுசி. நான் அதுக்கு மேல வெளக்கம் சொல்ல மாட்டேன்.

அந்த மூணாம் பாகம் இப்ப யாருகிட்ட இருக்குன்னு மாப்புளக்குத் தெரியும். 'படிச்சுட்டுத் தர்றேன் மாமா'ன்னு வாங்கிட்டுப் போனது. மறுவாசிப்புல இருக்கும்போல.

சரி, எனக்கு நேரமாச்சு. மும்முனை கரண்டு வந்துரும், மோட்டார் போடணும். நீங்க பேசுங்க, பேசுங்க. இன்னக்கித் தலைப்பு என்ன, 'தனிமையும் வாசிப்பும்'மா? நல்லது, மூணு பேரும் சேந்தே பேசுங்க. பாப்பா, நீ ஒரு ஒத்தாச பண்ணு. உள்ள ரெண்டாவது அலமாரியில கீழ்த்தட்டுல ரமணிசந்திரன் வரிசையா இருக்கும், ஒண்ணு எடுத்துட்டு வா. என் கார்டுலயே பதிஞ்சுரு. எனக்கு இல்ல புள்ள, கிழவி கேட்டா. அவளுக்கு எழுத்து தெரியாது, நாந்தான் படிச்சுக் காட்டணும், என்ன பண்றது. எடுக்குறப்ப 33-ஆம் பக்கத்தப் பிரிச்சுப் பாத்து எடு. மூலையில நெல்லுக் கதிரு இருந்துச்சுன்னா வேணாம், அதெல்லாம் கிழவி கேட்டாச்சு.